கப்பலேறும் முன் கொரோனா பரிசோதனை: நாள் கணக்கில் தவித்தவர்கள் இங்கே எழுதலாம்

தம்பாவாசி

சனிக்கிழமை புறப்படும் கப்பலுக்கு "இரண்டு நாள்களுக்குள்" எடுத்த சோதனைச் சான்றிதழ் வேண்டும் என்றால் எந்தக் கிழமையிலிருந்து கணக்கு என்று தலையைப் பிய்த்துக்கொள்ளாதவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள் என்பதால் விதியை மீண்டும் எழுதவில்லை. 2021 டிசம்பர், புளோரிடாவின் போர்ட் கனாவரல் துறைமுகம், ஏழு இரவுப் பயணம். அப்பாவும் அம்மாவும் நவம்பர் கடைசியில்தான் மதுரையிலிருந்து வந்திருந்தார்கள். விமானத்துக்காக எடுத்த ஆர்டிபிசிஆர் சான்றிதழை அப்பா பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். கப்பலுக்கும் அதுவே போதும் என்று கடைசிவரை நம்பினார்.

வியாழன் பிற்பகல் நால்வரும் காரில் அமர்ந்தபடியே மருந்துக்கடைச் சன்னலில் பிசிஆர் மாதிரி கொடுத்தோம். வெள்ளி இரவுக்குள் மூவரின் முடிவு வந்துவிட்டது. அப்பாவுடையது மட்டும் வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கியிருந்த, கண்காணிப்பாளர் காணொளியில் பார்த்துச் சான்றளிக்கும் வீட்டுப் பரிசோதனைக் கருவிகள் இரண்டு கைவசம் இருந்தன. சனிக்கிழமை காலை விடுதி அறையில் மடிக்கணினியைத் திறந்து இணைப்புக்காகக் காத்திருந்தபோது, அப்பா உறையைப் பிரித்து, பஞ்சுக்குச்சியையும் துளிமருந்துப் புட்டியையும் ஒரு கைக்குட்டையின் மேல் வரிசையாக அடுக்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு துண்டுச்சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார். திரையில் தோன்றிய பெண், தாம் சொல்வதற்கு முன் பிரித்த கருவி செல்லாது என்று மிகுந்த மரியாதையுடன் சொன்னார்.

இரண்டாவது கருவியில் பரிசோதனை நடந்தது, பதினைந்து நிமிடம் காத்திருந்தோம், தொற்று இல்லை என்று வந்தது. துறைமுகத்துக்குப் போகும் வழியில் பிசிஆர் முடிவும் வந்து சேர்ந்தது. ஆனால் முன்பின் தெரியாத அந்தப் பெண்ணின் முன்னால், முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவரைப் பார்த்து, "அவசரக்குடுக்கை மாதிரி ஏன் பிரித்தீர்கள்?" என்று கத்திவிட்டேன். அவர் பதில் ஏதும் சொல்லாமல், பிரித்த கருவியை அதே ஒழுங்கில் மீண்டும் பெட்டிக்குள் அடுக்கினார்.

ஈசூன்காரி

உங்கள் சிக்கல் ஏறுவதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. எங்களுக்கு ஏறிய பிறகுதான் தொடங்கியது.

2020 டிசம்பர் 7, திங்கட்கிழமை. சிங்கப்பூரில் மரீனா பேயிலிருந்து புறப்பட்டு எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் அங்கேயே திரும்பும் நான்கு நாள் பயணம் அது. ஏறுவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் எல்லாரும் பரிசோதனை செய்திருந்தோம். புதன்கிழமை விடியுமுன், எல்லாரும் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. 83 வயதுப் பயணி ஒருவருக்குக் கப்பலிலேயே செய்த சோதனையில் கிருமித்தொற்று உறுதியாகியிருக்கிறது, கப்பல் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று பிறகு தெரிந்தது. திரையை விலக்கிப் பார்த்தால் கரை கண்ணெதிரே நிற்கிறது, இறங்க வழியில்லை.

எங்கள் பால்கனித் தடுப்புக்கு அப்பால் இருந்தவர், முகம் தெரியாமலே, "நீங்கள் எந்தக் கிழமை பரிசோதனை செய்தீர்கள்?" என்று கேட்டார். நாங்கள் சனிக்கிழமை, அவர் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பதிலைக் கேட்டதும் அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. சனிக்கிழமை மூக்கில் குச்சியை விட்டுக்கொண்டு வந்தபின் ஞாயிற்றுக்கிழமை காலை தேக்கா சந்தைக்குப் போனோம், மாலையில் என் அண்ணன் வீட்டில் பன்னிரண்டு பேருடன் உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்த ஒன்றரை நாளைப் பற்றி எந்தச் சான்றிதழிலும் ஒரு வரிகூட இல்லை என்பது அந்தத் தடுப்பின் இந்தப் பக்கம் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. கரையில் மறுபடி செய்த சோதனைகளில் அந்த முதியவருக்குத் தொற்றே இல்லை என்று தெரியவந்தது. ஆனால் அதற்குள் என் மாமியார், அண்ணன் வீட்டில் யாருக்கு இருமல் இருந்தது என்று விசாரணையை முடித்துவிட்டார்.

ஆய்வகத்தான்

தம்பாவாசி, வியாழன் பிற்பகல் பிசிஆர் எடுத்ததுதான் உங்கள் முதல் பிழை, அப்பா மேல் பழி போடாதீர்கள். நான் நியூ ஜெர்சியில் ஆய்வகத்தில் வேலை செய்பவன். என் கதை சிறியது: 2022 தொடக்கத்தில் எனக்குத் தொற்று வந்து குணமாகி ஐந்து வாரம் ஆன பிறகும் பயணத்துக்கான பிசிஆர் தொற்று இருப்பதாகவே காட்டியது. நல்ல வேளையாக மருத்துவரின் கடிதம் கையில் இருந்ததால் பேயோன் துறைமுகத்தில் ஏற்றிக்கொண்டார்கள். ஆனால் முகப்பில் இருந்தவர் அந்தக் கடிதத்தை விளக்குக்கு நேரே பிடித்து, கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

இதை எழுதுவதற்குக் காரணம், பலரும் இரண்டு வகைச் சோதனைகளையும் ஒன்றாகவே எண்ணிக்கொண்டு நாள்களை மட்டும் எண்ணுவதுதான். பிசிஆர் கிருமியின் மரபணுத் துணுக்கைப் பெருக்கிக் காட்டுவது. ஆகவே தொற்றின் தொடக்கத்தில் முந்திக்கொண்டு சொல்லும். ஆனால் உயிருள்ள கிருமி போன பிறகும் மிச்சம் மீதியைப் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருக்கும். கடந்த 90 நாள்களுக்குள் தொற்றிலிருந்து மீண்டவர்களிடம் சோதனைக்குப் பதிலாகக் கடிதத்தை ஏற்றதற்கு இதுவே காரணம். ஆன்டிஜென் சோதனை கிருமியின் புரதத்தைத் தேடுவது. கிருமி அதிகமாக இருக்கும் நாள்களில்தான் கோடு விழும், ஆனால் கால் மணி நேரத்தில் விழும். எனவே புறப்படும் நாளுக்கு மிக அருகில் செய்வதற்கு ஆன்டிஜென்னே பொருத்தம். பிசிஆர் எடுப்பவர் முடிவு வர ஆகும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விடுமுறைக் காலத்தில், அதிலும் ஓமிக்ரான் பரவிய அந்த டிசம்பரில், எந்த ஆய்வகமும் வாக்குக் கொடுக்கும் நிலையில் இல்லை, எங்களுடையதும்தான்.

அடுத்தது "நாள்", "மணி" என்ற குழப்பம். 2021 செப்டம்பரில் அமெரிக்கத் துறைமுகங்களில் தடுப்பூசி முழுமையாகப் போட்டவர்களுக்கான அவகாசம் மூன்று நாள்களிலிருந்து இரண்டாகக் குறைந்தபோது, கப்பலேறும் நாளைக் கணக்கில் சேர்க்காமல் பின்னோக்கி எண்ணினார்கள். சனிக்கிழமைக் கப்பலுக்கு வியாழன் காலை ஆறு மணிக்கு எடுத்தாலும் செல்லும், இரவு பதினொன்றுக்கு எடுத்தாலும் செல்லும். மணிக்கணக்கு வைத்திருந்த நாடுகளில் அப்படியில்லை. 48 மணி என்றால் கடிகாரம்தான் பேசும். அவகாசத்தைக் குறைத்தது பயணிகளைத் துன்புறுத்துவதற்காக என்று எழுதுகிறவர்கள், கிருமி உடலுக்குள் நுழைந்து அறிகுறி தோன்ற முதல் அலையில் சராசரியாக ஐந்து நாள் என்றிருந்தது டெல்டாவில் ஏறத்தாழ நான்கு நாளாகவும் பிறகு ஓமிக்ரானில் ஏறத்தாழ மூன்று நாளாகவும் சுருங்கியதையும் சேர்த்து எழுத வேண்டும். மூன்று நாளுக்கு முந்தைய சான்றிதழ், அதற்குள் ஒரு தொற்று முளைத்து எழுவதற்கு இடம் கொடுக்கிறது. ஈசூன்காரி சொன்ன அண்ணன் வீட்டு விருந்து அந்த இடைவெளியில்தான் நடந்தது.

ஆகவே அந்த நாள்களில் நான் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னது: முந்தைய நாள் காலையில் ஆன்டிஜென் எடுங்கள், ஒரு கருவி உபரியாக வையுங்கள், சோதனைக்குப் பிறகு யார் வீட்டுக்கும் போகாதீர்கள்.

மாட்டுங்காவிலிருந்து

யாரும் கேட்கவில்லை, ஐயா. இருந்தாலும் நன்றி.

உங்கள் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். இந்திய ஆய்வக அறிக்கையில் மூன்று நேரங்கள் அச்சாகியிருக்கும்: மாதிரி எடுத்தது, மாதிரி ஆய்வகத்துக்கு வந்தது, முடிவு வெளியானது. 2021 கடைசியில் மும்பையிலிருந்து புறப்படும் கப்பலுக்கு 48 மணி நேரத்துக்குள் என்றார்கள். நான் முடிவு வெளியான நேரத்தை வைத்துக் கணக்கிட்டிருந்தேன். முகப்பில் இருந்த இளைஞர் கைப்பேசியில் கியூஆர் குறியீட்டை வருடிவிட்டு, விரலை மூன்று வரிகளில் மேல் வரியின் மேல் வைத்தார். ஐம்பத்தோரு மணி நேரம். மனைவியும் மகளும் எனக்கு அடுத்த நாள் மாதிரி கொடுத்திருந்ததால் அவர்களுக்கு நாற்பதுக்குள் இருந்தது. தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்ட மகள், திரும்பி வருவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு காலை மட்டும் இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு நின்றாள்.

மூவருமே வீடு திரும்பினோம். 2022 ஜனவரி முதல் வாரத்தில், மும்பையிலிருந்து கோவாவுக்குப் போன ஒரு கப்பலில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேருக்குச் சோதனை செய்து 66 பேருக்குத் தொற்று என்று செய்தி வந்தபோது, என் மனைவி நாளிதழை மடித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அது சமாதானமா குத்தலா என்று இன்றுவரை கேட்கவில்லை.

பரமட்டா சித்தப்பா

இத்தனை கணக்கும் வீண் என்பது என் கருத்து. சிட்னியில் 2022 நவம்பரில் மெஜெஸ்டிக் பிரின்சஸ் கப்பல் வந்து நின்றபோது ஏறத்தாழ 4,600 பேரில் 800 பேருக்குத் தொற்று. அவர்களும் சோதனை செய்துகொண்டுதான் ஏறினார்கள். பன்னிரண்டு நாள் பயணத்துக்கு முதல் நாள் சான்றிதழ் என்பது, மழைக்காலம் முழுவதற்கும் ஒரு நாள் குடை பிடிப்பது போன்றது. என் அனுபவம் என்று சொல்ல ஒன்றுதான்: ஏறிய அன்று கையில் சான்றிதழுடன் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் நாற்பது நிமிடமும் இருமிக்கொண்டே இருந்தார். ஒருவரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை, தாளைத்தான் பார்த்தார்கள்.

தூத்துக்குடி சமையற்கட்டு

சித்தப்பா, சோதனையே இல்லாமல் ஏறினால் என்ன ஆகும் என்பதை 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நின்ற டைமண்ட் பிரின்சஸ் காட்டியது. 3,711 பேர் இருந்த கப்பலில் 700 பேருக்கு மேல் தொற்றியது. அதில் நம் ஊர்ப் பிள்ளைகளும் வேலையில் இருந்தார்கள்; பயணிகள் அறைக்குள் அடைந்திருந்தபோது அவர்களுக்குச் சமைத்து, கதவருகே தட்டு வைத்தவர்கள் அவர்கள்தான். குடையில் ஓட்டை இருக்கிறது என்பதற்காக யாரும் அதை வாசலிலேயே போட்டுவிட்டுப் போவதில்லை.

நான் வேறொரு கப்பலில் வேலை செய்தேன். எங்களுக்கெல்லாம் ஊரில் ஒரு சோதனை, ஏறும்போது ஒன்று, அறையில் தனித்திருந்த நாள்களின் முடிவில் ஒன்று, பிறகு ஒப்பந்தம் முடியும்வரை முறை வைத்துச் சோதனை. எனக்கு எண்ணிக்கையே மறந்துவிட்டது. 2021 கோடையில் சவுத்தாம்ப்டனில், பயணிகளுக்குத் துறைமுகத்திலேயே சோதனை செய்து, முடிவு வந்த பின் ஏற்றினார்கள். சமையற்கட்டில் ஆள் மிச்சம் இருந்ததால், காத்திருக்கும் இடத்தில் தண்ணீர் கொடுக்க என்னை அனுப்பினார்கள். நாளும் மணியும் எண்ண வேண்டாத, மிகச் சிறந்த ஏற்பாடு அதுதான் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எழுபது வயதைத் தாண்டிய ஒரு தம்பதி. கணவருக்குத் தொற்று என்று முடிவு வந்தது, ஒரே அறை என்பதால் மனைவியும் ஏற முடியாது. இருவரும் அழவில்லை, சண்டை போடவில்லை. அந்த அம்மா மட்டும் என் கையைப் பிடித்து, வாசலில் இறங்கியவுடனே சுமைதூக்குபவர்கள் பெட்டிகளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், அவருடைய இன்சுலின் அந்த நீலப் பெட்டிக்குள் இருக்கிறது என்றார். சோதனைக்கு மனிதர்கள் நின்றபோதே பெட்டிகள் கப்பலுக்குள் போய்விட்டன. முடிவு வருவதற்குள் அந்த நீலப் பெட்டி எந்தத் தளத்தில் எந்த வண்டியில் இருந்ததோ யாருக்கும் தெரியவில்லை. நான் மேலாளரிடம் சொன்னேன். அவர் ஒலிவாங்கியில் யாரிடமோ சொன்னார். அவர் இன்னொருவரிடம் சொல்லியிருப்பார். அந்த அம்மா நான் கொடுத்த தண்ணீர்ப் புட்டியைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, பெட்டிகள் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆய்வகத்தான்

இன்சுலின் எப்போதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெட்டியில் போடவே கூடாது.

தம்பாவாசி

அதை அந்த அம்மாவும் அன்றைக்குக் கற்றுக்கொண்டிருப்பார், விடுங்கள். அப்பாவின் மாத்திரைகளையும் நாங்கள் பெட்டியில்தான் போட்டிருந்தோம் என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. தூத்துக்குடியாரே, அந்தப் பெட்டி கிடைத்ததா?

தூத்துக்குடி சமையற்கட்டு

கிடைத்தது. எனக்கு மூன்று மணிக்கு மேல் சமையற்கட்டில் வேலை இருந்ததால் திரும்பிவிட்டேன். நான்கரை மணி வாக்கில், ஐந்தாம் தளத்து அறை வாசலில் இருந்து எடுத்து வந்ததாகச் சுமைதூக்கும் பையன் சொன்னான். அறை எண் எழுதிய சீட்டு கைப்பிடியில் அப்படியே இருந்ததாம்.