மூடிப்போன ராட்டினங்களைப் பார்த்தால் ஏன் இப்படி ஆகிறது?

நிலாமுற்றம் கேட்டது:

மூடிக் கிடக்கும் பொழுதுபோக்குப் பூங்காக்களின் படங்களைத் தேடித் தேடிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பாழடைந்த ஆலை, பாழடைந்த மருத்துவமனை எல்லாம் பார்த்திருக்கிறேன். அவை என்னை இப்படிப் பிடித்து வைப்பதில்லை. ஜப்பானின் நாரா ட்ரீம்லேண்டில் புதர் ஏறிய ரோலர் கோஸ்டர். பெர்லினின் ஸ்ப்ரீபார்க்கில் புல்லில் சாய்ந்து கிடக்கும் டைனோசர். நியூ ஆர்லியன்ஸில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காவின் வாசலில் "புயலுக்காக மூடப்பட்டுள்ளது" என்று வருஷக்கணக்கில் நின்றிருந்த பலகை.

பார்த்ததும் ஒரு திகில் வரும், அது சீக்கிரம் போய்விடும். அதற்கப்புறம் வருகிற துக்கம்தான் போக மாட்டேன் என்கிறது. கால் வைத்தே இராத இடங்களுக்காக ஏன் இவ்வளவு வருத்தம்? இன்னொன்று, எல்லாமே சிதைந்து கிடக்கும்போது கோமாளி பொம்மைகளின் முகம் மட்டும் எப்படிக் கெடாமல் நிற்கிறது? இந்தத் தொழிலில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பழுப்புத்தாள் எழுதியது:

ஓடாத ஆலையைக் கிடங்காகவாவது வைத்துக்கொள்ளலாம். ராட்டினத்தில் மனிதர் ஏறிச் சிரிப்பதைத் தவிர அதற்கு வேறு காரியமே கிடையாது. ஆள் போய்விட்டால் அது எதற்கு என்ற கேள்விக்கே பதில் இல்லாமல் நிற்கிறது. உங்கள் துக்கம் அங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறேன்.

உக்ரைனில் ஆளில்லாமல் கிடக்கும் ப்ரிப்யாட் நகரத்தின் படங்களைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மஞ்சள் கூண்டு ராட்டினம் இருக்கும் பூங்காவை 1986 மே 1 அன்று திறப்பதாக இருந்தார்கள். ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. மறுநாள் மதியம் சுமார் 49,000 பேரைப் பேருந்துகளில் ஏற்றினார்கள், சில நாட்களில் திரும்பிவிடலாம் என்று சொல்லி. 2022-இல் போர் தொடங்குவதற்கு முன் அங்கே சுற்றிப் பார்க்கப் போனவர்களில் சிலர் பொம்மையையும் வாயு முகமூடியையும் எங்கிருந்தோ எடுத்து வந்து வைத்துப் படம் பிடித்தார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. அன்று பேருந்தில் ஏறிய குழந்தைகள் இன்றும் நம்மோடு வாழ்கிறார்கள். அந்த இடத்தின் துக்கத்துக்கு நாம் ஜோடனை செய்ய வேண்டியதில்லை.

திருகுசாவி எழுதியது:

நிலாமுற்றம், என் வேலைக்காலம் முழுக்க ரைடு பராமரிப்பில்தான் கழிந்தது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த முகங்கள். இரும்பு துருப்பிடிக்கும், மரம் உளுத்துப்போகும். பொம்மைகள் பெரும்பாலும் ஃபைபர் கிளாஸில் செய்தவை, அதற்கு இரண்டும் கிடையாது. வெயில் படப்பட மேல்பூச்சு பொடியாக உதிர்ந்து வெளுக்கும். ஆனால் மூக்கு, கன்னம், வாய் எல்லாம் அச்சில் வார்த்தபடியே நிற்கும். கண்ணும் புருவமும் மேலே தூரிகையால் வரைந்தவை, அவை சீக்கிரம் அழிந்துபோகும். சிரிப்பு மிஞ்சி, பார்வை போய்விட்ட முகம். உங்களைத் திகைக்க வைப்பது அதுதான்.

அப்புறம், படங்களில் நீங்கள் பார்ப்பது விற்க முடியாமல் மிஞ்சியவற்றை. கழற்றி லாரியில் ஏற்ற முடிகிற ரைடு நல்ல நிலையில் இருந்தால் வாங்குவதற்கு ஆள் வருவார்கள். நியூ ஆர்லியன்ஸ் பூங்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2000-இல் ஜாஸ்லேண்ட் என்ற பெயரில் திறந்தது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் வந்து, உப்புக் கலந்த வெள்ளம் வாரக்கணக்கில் உள்ளே தேங்கியது. மோட்டார், மின்பெட்டி எல்லாம் அதோடு சரி. அப்படியிருந்தும் அங்கிருந்த பேட்மேன் இரும்புக் கோஸ்டரைக் கழற்றி, டெக்சாஸில் இருக்கும் இன்னொரு பூங்காவில் நிறுத்தி, 2008-இல் கோலியத் என்று வேறு பெயரில் ஓட விட்டார்கள். மரத் தண்டவாளம் போட்ட மெகா செஃப் என்ற கோஸ்டர் அங்கேயே கிடந்தது. 2024-இல் பூங்காவை இடிக்கத் தொடங்கினார்கள். மரக் கோஸ்டரை இடம் மாற்றுவது கிட்டத்தட்ட புதிதாகக் கட்டுகிற வேலை, யாரும் எளிதில் கை வைக்க மாட்டார்கள். நீங்கள் சொன்ன நாராவிலும் படங்களில் அதிகம் வருவது ஆஸ்கா என்ற மரக் கோஸ்டர்தான்.

மரக் கோஸ்டர் என்றால் எனக்குத் தனிப் பிரியம். ஈரத்தில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும், ஒவ்வொரு தடவையும் போல்ட் துளி தளரும். அதனால் கதவு திறப்பதற்கு முன், தினமும் காலையில், ஒருவர் தண்டவாளம் முழுக்க நடந்தே போய்ப் பார்ப்பார். கையில் ஸ்பேனரும் சுத்தியலும் இருக்கும். தட்டினால் வரும் சத்தத்திலேயே எங்கே பிடி விட்டிருக்கிறது என்று பழகிய காதுக்குத் தெரிந்துவிடும். பிறகு வண்டியை ஆளில்லாமல் சுற்ற விடுவோம். ஏற்றத்தில் "டக் டக் டக்" என்று கேட்குமே, அது வண்டி பின்னால் சறுக்காமல் ஒவ்வொரு பல்லாக விழுந்து பிடிக்கும் கொக்கியின் சத்தம். ஏறி உட்கார்ந்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். கீழே நிற்கும் எங்களுக்கு அதைக் கேட்டால்தான் நிம்மதி.

ஆகவே ஆளில்லாத ராட்டினம் என்னைப் பயமுறுத்தாது, தினமும் பார்த்ததுதான். ஆனால் படத்தில் ஒரு சட்டம் பெயர்ந்து தொங்குவதைப் பார்த்தால் தாங்காது. அந்த வளைவுக்கு எவ்வளவு காலமாக யாரும் நடந்து வரவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் மலை மாதிரி உறுதியாகத் தெரியும் இந்த இடங்கள், அன்றன்றைய காலை வேலையை நம்பித்தான் நிற்கின்றன.

மூடியதற்குக் காரணமாகப் புயல், விபத்து, சாபம் என்று பலரும் கதை தேடுகிறார்கள். நாரா 1961-இல் திறந்து 2006-இல் மூடியது. நடுவில் 1983-இல் டோக்கியோ டிஸ்னிலேண்ட் வந்தது, 2001-இல் பக்கத்து ஒசாகாவில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் வந்தது, கூட்டம் அங்கே போய்விட்டது. கூட்டம் குறைந்த பூங்காவில் என்ன நடக்கும் என்று நான் உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன். முதலில் பெயிண்ட் அடிப்பது தள்ளிப்போகும். அப்புறம் உதிரிபாகம் வராது. ஒரு ரைடை நிறுத்தி, அதன் பாகத்தைப் பிடுங்கி இன்னொன்றில் மாட்டுவோம். கேட்டைப் பூட்டுவதற்கு நெடுநாள் முன்பே பூங்காவைக் கைவிட்டிருப்பார்கள். படங்களைப் பார்த்து உங்களுக்கு வருகிற துக்கம் அங்கே வேலை செய்தவர்களுக்கு அப்போதே தொடங்கியிருக்கும்.

நிலாமுற்றம் எழுதியது:

திருகுசாவி அண்ணா, இதைப் படித்தபின் எல்லாப் படங்களையும் மறுபடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எது இல்லை என்று இப்போது தேடுகிறேன். இப்படி மூடிய பூங்கா எதுவாவது திரும்ப ஓடியிருக்கிறதா?

திருகுசாவி எழுதியது:

உண்டு. இங்கிலாந்தின் மார்கேட்டில் இருக்கும் ட்ரீம்லேண்ட். அங்கே சீனிக் ரயில்வே என்று 1920-இல் கட்டிய மரக் கோஸ்டர் இருக்கிறது. பிரேக்காரர் வண்டியிலேயே கூடப் போய்க் கையால் பிரேக் பிடித்து ஓட்டிய கோஸ்டர் அது. பூங்கா கைவிட்டுப் போகும் நிலை வந்தபோது ஊர்க்காரர்கள் விடாமல் போராடினார்கள். 2008-இல், யாரோ வைத்ததாகச் சந்தேகிக்கப்பட்ட தீயில், கோஸ்டரின் ஒரு பகுதி எரிந்தது. அப்போதும் ஊர்க்காரர்கள் விடவில்லை. கடைசியில் உள்ளாட்சி மன்றம் இடத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தியது. 2015 ஜூனில் பூங்கா திறந்தது, அக்டோபரில் கோஸ்டர் ஓடியது. அதில் பழைய மரம் எவ்வளவு மிச்சம் என்று சிலர் கேட்பார்கள். மரக் கோஸ்டர் தினமும் ஓடுகிற காலத்திலேயே சட்டம் சட்டமாக மாற்றிக்கொண்டுதான் இருப்போம், ஆகவே எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

பெர்லினிலும் ஸ்ப்ரீபார்க்கின் 45 மீட்டர் ராட்டினத்தைச் சீரமைப்பதற்காக 2021-இல் கழற்றி இறக்கினார்கள். கழற்றும்போது எடுத்த படங்கள் கிடைத்தால் பாருங்கள், அதில் ஆட்கள் இருப்பார்கள்.