மலேசிய மாமன்னருக்கு உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது?

தஞ்சை_கதிர்:
வேலைக்காகக் கோலாலம்பூருக்கு வந்திருக்கிறேன். ஒன்பது மாநிலங்களில் பரம்பரை ஆட்சியாளர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாமன்னர் ஆகிறார் என்பது வரை புரிகிறது. பிரதமரும் நாடாளுமன்றமும் இருக்கும்போது அவருக்கு என்ன வேலை? மசோதாவில் கையெழுத்துப் போடுவது மட்டும்தானா? இந்தியாவில் மன்னர் மானியத்தையே 1971-இல் நிறுத்திவிட்டோம், அதனால் மக்களாட்சியில் அரசர் என்பது எனக்கு மனதில் ஒட்டவே மாட்டேன் என்கிறது.

கிள்ளான்_மணி:
கையெழுத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை கதிர், அவர் 30 நாளில் ஒப்புதல் தராவிட்டாலும் மசோதா சட்டமாகிவிடும். பிரதமர் யார் என்று குழப்பம் வரும்போதுதான் அவர் தேவைப்படுகிறார். 2022 நவம்பர் 19 சனிக்கிழமை பொதுத்தேர்தல். 222 இடங்களில் 112 வேண்டும், எந்தக் கூட்டணிக்கும் கிடைக்கவில்லை. போட்டிக் கூட்டணிகளின் தலைவர்களான அன்வார், முஹிடின் இருவருமே பெரும்பான்மை தன்னிடம்தான் என்றார்கள். அப்போதைய மாமன்னர் சுல்தான் அப்துல்லா இருவரையும் அழைத்து, சேர்ந்து ஒற்றுமை அரசு அமைக்கச் சொன்னார், முஹிடின் மறுத்துவிட்டார். அப்புறம் மற்றொரு கூட்டணியான பாரிசானின் எம்பிக்களை வரவழைத்துக் கேட்டு, மற்ற ஆட்சியாளர்களோடும் கலந்து பேசி, வியாழக்கிழமை அன்வாரை நியமித்தார். கட்சி சார்பு இல்லாத ஒருவர் அந்த இடத்தில் இருந்ததால்தான் தெருவில் கலவரம் இல்லாமல் முடிந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஈப்போ_செல்வி:
மணி அண்ணா, நான் பேராக் மாநிலத்துக்காரி, எனக்கு அங்கே 2009-இல் நடந்ததுதான் ஞாபகம் வருகிறது. மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் ஆளும் தரப்புக் கட்சிகளை விட்டு விலகியதும் மந்திரி பெசார் (மாநில முதல்வர்) நிசார் சட்டமன்றத்தைக் கலைக்கச் சொல்லிக் கேட்டார். சுல்தான் மறுத்துவிட்டு பாரிசானின் சம்ரியை நியமித்தார், அவையில் நம்பிக்கை வாக்கெடுப்பே நடக்கவில்லை. சுல்தான் அஸ்லான் ஷா நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்தவர், சட்டம் தெரியாதவர் இல்லை. 2010-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றமும் சம்ரி பக்கமே தீர்ப்பளித்தது. ஆனாலும் 2008 தேர்தலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்ட எங்களுக்கு மனசு ஆறவில்லை. சுல்தானின் அரண்மனை இருக்கும் கோலகங்சாரில் மக்கள் சாலையில் இறங்கியது அதனால்தான். யாருக்குப் பெரும்பான்மை என்பதை அரண்மனைக்குள் எண்ணக் கூடாது, அவையில் எண்ண வேண்டும்.

தஞ்சை_கதிர்:
செல்வி சொல்வது எங்கள் ஆளுநர்களுக்கும் பொருந்தும். 2018-இல் கர்நாடகத்தில் பெரும்பான்மை இல்லாத எடியூரப்பாவை ஆளுநர் முதல்வராக்கி, அதை நிரூபிக்க 15 நாள் அவகாசமும் கொடுத்தார். உச்ச நீதிமன்றம் உடனே வாக்கெடுப்பு நடத்தச் சொன்னதும் எடியூரப்பா வாக்கெடுப்புக்கு முன்பே பதவி விலகினார். அரண்மனையில் பிறந்தவர் தேர்ந்தெடுக்கிறாரா, டெல்லி அனுப்பியவர் தேர்ந்தெடுக்கிறாரா என்பதை விட, எத்தனை நாளில் அவை முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது என்பதுதான் முக்கியமாகப் படுகிறது.

கிள்ளான்_மணி:
சரி, அதை ஏற்கிறேன். 2022 டிசம்பர் 19-இல் நாடாளுமன்றம் கூடியதுமே அன்வார் அரசுக்கான நம்பிக்கைத் தீர்மானம் நிறைவேறியது. ஆனால் அதே மாமன்னர் 2020 மார்ச்சில் முஹிடினை நியமித்தபோது அப்படி நடக்கவில்லை. மே 18-இல் ஒரே நாள் கூட்டம், மாமன்னர் உரையோடு முடித்துவிட்டார்கள். மாமன்னர் நியமிக்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் புதிய பிரதமர் இத்தனை நாளுக்குள் அவையில் வாக்குக் கோர வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதிவிட வேண்டும், அதைப் பிரதமரின் விருப்பத்துக்கு விடக் கூடாது.