கேப் ஆன்சன் மட்டும்தான் வில்லனா? ஃப்ளீட் வாக்கர் விஷயத்துல ஒரு சண்டை

பழையபேப்பர்:
பேஸ்பால்ல இருந்து கறுப்பின ஆட்டக்காரங்கள வெளிய தள்ளுனது சிகாகோ டீம் கேப்டன் கேப் ஆன்சன்தான்னு எங்க பாத்தாலும் எழுதறாங்க, எனக்கு இதுல உடன்பாடே இல்ல. மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் கதைய எடுத்துக்குங்க. 1856ல ஒஹாயோவுல பொறந்தவர், ஓபர்லின், மிச்சிகன்னு ரெண்டு காலேஜ்ல படிச்சவர். டொலிடோ டீமோட கேட்சர், நம்ம கிரிக்கெட்ல விக்கெட் கீப்பர் மாதிரி. 1883 ஆகஸ்ட்ல ஆன்சனோட சிகாகோ டீம் டொலிடோவுக்கு ஒரு காட்சி ஆட்டத்துக்கு வந்துச்சு. வாக்கர் இருந்தா எறங்க மாட்டோம்னு ஆன்சன் குதிச்சார். வாக்கருக்கு அன்னிக்கு கை வீங்கி ரெஸ்ட்டு, ஆட வைக்கிற ஐடியாவே இல்ல. மேனேஜர் மார்ட்டனுக்கு வந்துச்சு பாருங்க ரோஷம், வேணும்னே வாக்கர ரைட் ஃபீல்ட்ல, அதாவது மைதானத்தோட வலது ஓரத்துல ஃபீல்டிங் பண்ண, நிறுத்திட்டார். ஆடலன்னா வசூல்ல பங்கு கெடையாதுன்னு சொன்னதும் ஆன்சன் வாய மூடிட்டு ஆடுனார். இவ்ளோதான் அவர் பவர்.

ஓரம்போ:
பாதிக் கதைல நிறுத்திட்டீங்களே நண்பா. 1887 ஜூலை 14, நியூவார்க், அதே ஆன்சன், அதே வாக்கர், இப்ப நியூவார்க் டீம்ல, கூட ஜார்ஜ் ஸ்டோவின்னு செம பிட்சர் (பந்து எறியறவர்), அவரும் கறுப்பினத்தவர். இந்த தடவ ரெண்டு பேருமே எறங்கல. நாலு வருஷம் முன்னாடி செல்லாத மிரட்டல் இப்ப செல்லுது, அப்ப நடுவுல யாரோட தைரியம் வளந்துச்சு?

பழையபேப்பர்:
அதத்தான் நானும் சொல்றேன். அதே நாள்ல, நியூவார்க் ஆடுன இன்டர்நேஷனல் லீக்கோட டைரக்டருங்க பஃபலோவுல கூடி, கறுப்பின ஆட்டக்காரங்களோட இனிமே புது ஒப்பந்தம் போடக் கூடாதுன்னு 6க்கு 4ன்னு ஓட்டு போட்டாங்க. ஆன்சன் அந்த லீக்லயே இல்ல! அவருக்கு அங்க ஓட்டு கெடையாது.

கட்டைவிரல்:
ரெண்டு பேரும் ஆன்சன சுத்தியே வர்றீங்க, வாக்கரோட சொந்த டீம் ஆளு பண்ணத பாருங்க. 1884ல டொலிடோ அமெரிக்கன் அசோசியேஷன்ல ஆடுச்சு, அப்ப அது மேஜர் லீக், அதாவது உச்ச மட்ட லீக், வாக்கர் 42 மேட்ச், பேட்டிங் ஆவரேஜ் .263 (ஆயிரம் தடவைக்கு 263 ஹிட் கணக்கு). டீமோட மெயின் பிட்சர் டோனி முல்லேன். இவர் பல வருஷம் கழிச்சு அவரே சொல்றார், நான் பாத்ததுலயே பெஸ்ட் கேட்சர் வாக்கர்தான், ஆனா கறுப்பர்ங்கறதால எப்படி எறியணும்னு அவர் காட்டுன சிக்னல பாக்காம இஷ்டத்துக்கு எறிவேன்னு. யோசிச்சு பாருங்க, இப்ப இருக்கற மாதிரி தடி கிளவுஸ் இல்லாத காலம், நேரா வருதா வளைஞ்சு வருதான்னு தெரியாம அந்த வேகத்த கையில வாங்கணும். அந்த சீசன்லயே விலா எலும்பும் உடைஞ்சுது. தெற்குப் பக்கம் இருக்கற ரிச்மண்ட் ஊருக்கு வாக்கர கூட்டிட்டு வந்தா 75 பேர் காத்திருக்கோம்னு மிரட்டல் லெட்டர் வேற. இதெல்லாம் ஆன்சனா பண்ணார்?

சும்மாதான்:
ஒரு சின்ன திருத்தம், முதல் கறுப்பின மேஜர் லீக் ஆட்டக்காரர் வாக்கர் இல்ல, வில்லியம் எட்வர்ட் வைட். 1879ல ப்ராவிடன்ஸுக்கு ஒரே ஒரு மேட்ச் ஆடுனார்.

ஓரம்போ:
வைட்டோட அம்மா அடிமையா இருந்தவங்கதான், ஆனா அவர் வெள்ளக்காரராவே வாழ்ந்தார். கறுப்பர்னு தெரிஞ்சே கேலரி பூரா கத்த, அங்க நின்னது வாக்கர். எனக்கு அவர்தான் முதல், நீங்க எப்படி வேணா எண்ணிக்கோங்க.

சும்மாதான்:
சரி விடுங்க. ஆனா வாக்கர ரொம்ப புனிதர் ஆக்காதீங்க. 1891ல சிராகூஸ்ல ஒருத்தர கத்தியால குத்தி அந்தாளு செத்துட்டார், அப்புறம் தபால் வேலைல இருந்தப்ப திருட்டு கேஸ்ல ஒரு வருஷம் உள்ள.

கட்டைவிரல்:
குத்துன கேஸ்ல முழு வெள்ளக்கார ஜூரி அவர விடுதலை பண்ணுச்சு, அதையும் சேத்து எழுதுங்க சார். அந்தக் காலத்துல அது லேசுப்பட்ட விஷயமா? அப்புறம் ஒஹாயோவுல கேடிஸ்ங்கற ஊர்ல ஆபரா ஹவுஸ் நடத்துனார், பேட்டன்ட் வாங்குனார். 1908ல கறுப்பின மக்கள் ஆப்பிரிக்காவுக்கே திரும்பிடணும்னு ஒரு சின்ன புத்தகம் போட்டார். காலேஜ் படிச்சு, வெள்ளக்காரங்களோட ஒரே டீம்ல ஆடுனவரே அங்க வந்து நிக்கறார்னா எவ்ளோ வெறுத்திருக்கணும்.

பழையபேப்பர்:
இதுவும் என் பக்கம்தான் சேருது. ஒருத்தர் வம்பு பண்ணா இவ்ளோ வெறுப்பு வராது, ஊரே பண்ணாதான் வரும்.

ஓரம்போ:
ஊரே பண்ணுச்சு, சரி. ஆனா அந்த ஊர்லயே ரொம்ப பெரிய ஸ்டார் யாரு? 1939ல ஹால் ஆஃப் ஃபேம்ல சேத்தாங்களே, 3000 ஹிட்டுக்கு மேல அடிச்சவர். அந்த ரேஞ்சு ஆளு ஆட மாட்டேன்னா டிக்கெட் காசு என்னாகும்னு ஓனருங்களுக்கு தெரியும். 83ல வசூல காட்டி அவர மடக்குனாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க, 87ல அதே வசூலுக்காக ஓனருங்க மடங்குனாங்க. ஓட்டு போட்டது ஆறு பேர், ஒத்துக்கறேன். அவங்களுக்கு அந்த சாக்க குடுத்தது ஆன்சன்.

பழையபேப்பர்:
சாக்கு இல்லன்னாலும் வேற ஒண்ணு கண்டுபிடிச்சிருப்பாங்க.