படிவத்தை மாற்றியமைத்த பிறகு புதிய பதிவுகள் மட்டும் சேமிக்கப்படவில்லை

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் அலுவலகத்தில் கருவிகள் கோரும் விண்ணப்பங்களுக்காக ஷேர்பாயிண்டில் (மைக்ரோசாஃப்டின் ஆவணப் பகிர்வுத் தளம்) ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். அதன் படிவத்தைப் பவர் ஆப்ஸில் (படிவங்களையும் செயலிகளையும் உருவாக்கும் மைக்ரோசாஃப்ட் கருவி) நான் மாற்றியமைத்தபோது, விண்ணப்பிப்பவருக்குத் தேவைப்படாத ‘ஒப்புதல் தருபவர்’ என்னும் புலத்தை மறைத்துவிட்டேன். அதன் பிறகு பழைய பதிவுகளைத் திருத்திச் சேமிக்க முடிகிறது. புதிய பதிவிலோ ‘சேவ்’ பொத்தானை அழுத்தினால் படிவம் மூடாமல் அப்படியே நிற்கிறது, பிழைச் செய்தியும் தெரிவதில்லை. பட்டியலின் இயல்பான படிவத்துக்குத் திரும்பினால் சேமிக்க முடிவதால், அனுமதியில் சிக்கல் இல்லை என்று கருதுகிறேன். எங்கே தேடுவது என்று சொல்லுங்கள்.

மறுமொழி 1:
பழைய பதிவு சேமிக்கப்படுவதும் புதியது சேமிக்கப்படாததும் நல்ல தடயம். நீங்கள் மறைத்த புலம் பட்டியலில் கட்டாயப் புலமாக இருக்க வேண்டும். பழைய பதிவுகளில் அதற்கு ஏற்கெனவே மதிப்பு இருப்பதால் தடையில்லை, புதியதில் அது வெறுமையாக இருப்பதால் படிவம் சரிபார்ப்பில் நின்றுவிடுகிறது. பிழைச் செய்தி தெரியாததற்கும் இதுவே காரணம்: செய்தியைக் காட்டும் லேபிள் அந்தப் புலத்தின் கார்டுக்குள்ளேயே (படிவத்தில் ஒரு புலத்தைத் தாங்கும் பெட்டி) இருக்கிறது, கார்டை மறைத்தால் அதுவும் மறைந்துவிடும். கார்டின் ‘விசிபிள்’ பண்பைத் தற்காலிகமாக ‘ட்ரூ’ ஆக்கிவிட்டு ஒரு புதிய பதிவைச் சேமித்துப் பாருங்கள்.

கார்டில் ‘ரிக்வயர்டு’ (கட்டாயம்) பண்பை மட்டும் ‘ஃபால்ஸ்’ ஆக்குவது போதாது, ஏனெனில் பட்டியலில் கட்டாயம் நீடிக்கும்வரை வெறுமையான மதிப்பைச் சர்வர் ஏற்காது. ஒன்று, பட்டியலின் அமைப்பில் கட்டாயத்தை நீக்குங்கள். அல்லது கார்டின் ‘அப்டேட்’ பண்பில் (சேமிக்கும்போது அனுப்பப்படும் மதிப்பு) உரிய நபரின் மதிப்பைக் கொடுங்கள். அது நபர் வகைப் புலமாக இருந்தால் பெயரை வெறும் எழுத்தாகக் கொடுக்க முடியாது, அந்த நபரின் விவரங்கள் அடங்கிய முழு ரெக்கார்டாகவே கொடுக்க வேண்டும்.

மறுமொழி 2:
முன்னவர் சொன்னது சரியாகவே இருக்கும். ஆயினும் இதே அறிகுறி வேறொரு காரணத்தாலும் வருவதை நான் பார்த்திருக்கிறேன். புதிய பதிவுக்கும் திருத்தத்துக்கும் தனித்தனிப் படிவங்கள் வைத்தவர்கள், படிவத்தைப் பட்டியலுடன் இணைக்கும் ஷேர்பாயிண்ட்இன்டக்ரேஷனின் ‘ஆன்சேவ்’ பண்பில் (‘சேவ்’ அழுத்தியதும் நடப்பது) ஒரே படிவத்துக்கு மட்டும் சப்மிட்ஃபார்ம் என்னும் சேமிக்கும் கட்டளையை எழுதியிருப்பார்கள். அதையும் ஒருமுறை பாருங்கள். மேலும், படிவத்தின் ‘ஆன்ஃபெயிலியர்’ பண்பில் (சேமிப்பு தோற்றால் நடப்பது) திரையில் செய்தி காட்டும் நோட்டிஃபை கட்டளை மூலம் அந்தப் படிவத்தின் ‘எரர்’ மதிப்பைக் காட்டச் செய்யுங்கள். ஒற்றை வரிப் புலத்தில் 255 எழுத்துகளைத் தாண்டுவது போன்று சர்வர் மறுக்கும் பிழைகளுக்கு அது பெரிதும் உதவும்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. என்னிடம் இருப்பது ஒரே படிவம்தான். சிக்கல் மறைத்த கார்டில்தான் இருந்தது. ஒப்புதல் தருபவரைப் பிரிவு அலுவலர் பின்னர் நிரப்புவதால், பட்டியலில் கட்டாயத்தை நீக்கிவிட்டேன். ஆனால் அதன் பிறகும் சேமிக்க முடியவில்லை. கார்டின் பூட்டை (அதன் பண்புகளை மாற்றவிடாமல் தடுப்பது) திறந்து பார்த்தபோது ‘ரிக்வயர்டு’ இன்னும் ‘ட்ரூ’ என்றே இருந்தது. அதை மாற்றி, டேட்டா சோர்ஸை ரெஃப்ரெஷ் செய்து, ஷேர்பாயிண்டுக்கு மறுபடியும் பப்ளிஷ் செய்தேன். இப்போது புதிய பதிவுகள் சேமிக்கப்படுகின்றன.