இலைக்கருகல் தாங்கும் நெல்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தாளடிக்காரன்:
ஐப்பசி மழை விட்ட மறுவாரம் எங்கள் ஆந்திரா பொன்னி வயலில் இலை நுனியிலிருந்து ஓரமாக மஞ்சள் நெளிநெளியாக இறங்கியது. சத்துக் குறைவு என்று அப்பா யூரியா போட்டுவிட்டார். சித்தப்பா வந்து ஓர் இலையை நறுக்கிக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால் மாதிரி ஓர் இழை கீழே வழிந்தது. "பாக்டீரியாடா தம்பி. யூரியா போட்டு அதுக்குத்தான் சோறு போட்டிருக்கீங்க" என்றார். அப்பா அந்தத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

விதைநெல்:
படிக்கும் காலத்தில் சோதனைக்காக அந்த இலைக்கருகல் நோயைப் பயிருக்கு நானே கொடுத்திருக்கிறேன். கத்தரிக்கோலைப் பாக்டீரியா கரைசலில் முக்கி இலை நுனியை வெட்ட வேண்டும். பதினைந்தாம் நாள் ஸ்கேலோடு போனேன். சம்பா மசூரி, அதாவது நம் ஆந்திரா பொன்னி (பி.பி.டி. 5204), பாதி இலைக்கும் கீழே காய்ந்திருந்தது. பக்கத்து வரிசை வெட்டிய இடத்தோடு நின்று பச்சையாக இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பச்சை வரிசை ஹைதராபாத்தில் உருவாகி 2008-ல் வெளிவந்த மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி. எக்ஸ்ஏ21, எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ5 என்று இந்த நோயைத் தடுக்கும் மூன்று மரபணுக்கள் அதில் உண்டு. முதலாவது ஆப்பிரிக்கக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. மற்ற இரண்டும் ஒடுங்கு மரபணுக்கள். தாய், தந்தை இருபுறமும் வந்தால்தான் வேலை செய்யும். ஒருபுறம் மட்டும் வந்த செடியை வயலில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் டிஎன்ஏ குறியீடு பார்த்துத்தான் ஒவ்வொரு தலைமுறையிலும் செடியைப் பொறுக்கினார்கள்.

மேட்டுவயல்:
பச்சையாக நின்றதாம்! 'நோய் தாங்கும்' என்று சொல்லித்தான் எனக்கும் விதை கொடுத்தார்கள். கதிர்க் கழுத்து கறுத்து ஒடிந்தது. கையில் உருவினால் பாதிக்குமேல் பதர்.

விதைநெல்:
அண்ணா, கழுத்து கறுத்தது குலை நோய். அது பூஞ்சாணம். இந்த மூன்று மரபணுவும் பாக்டீரியா இலைக்கருகலை மட்டும்தான் தடுக்கும். விதை கொடுத்தவர் எந்த நோய் என்று சொல்லாதது தவறு, ரகத்தின் மேல் தவறில்லை.

வாய்க்கால்கரை:
எனக்கு ஒரு முறை இதே இலைக்கருகலில் நட்ட மூன்றாம் வாரமே நாற்று சுருண்டு செத்தது, அவ்வளவுதான். ஆனால் தாங்கும் ரகம் போட்டாலும் சிலது செய்தே ஆக வேண்டும். எக்ஸ்ஏ21 இளம் பயிரில் அவ்வளவு வலுவாக இருக்காது, வளர வளரத்தான் பலம் கூடும். நடும்போது நாற்று நுனியைக் கிள்ளாதீர்கள். அந்தக் காயம் வழியாகத்தான் நோய் உள்ளே போகிறது. விதைநெல் கத்தரியால் செய்ததை நாம் கையால் செய்கிறோம்! நோய் கண்ட வயல் தண்ணீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்சாதீர்கள். தழைச்சத்தை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். நோய் தெரிந்ததும் யூரியாவை நிறுத்துங்கள். தாளடிக்காரன், உங்கள் அப்பாவைக் குறை சொல்லாதீர்கள். மஞ்சளைப் பார்த்தால் எல்லாருக்கும் அதுதான் தோன்றும். சரி, அடுத்த போகத்துக்கு எந்த விதை விட்டீர்கள்?

தாளடிக்காரன்:
அதே ஆந்திரா பொன்னிதான். மேம்படுத்திய விதை எங்கள் பக்கம் கிடைக்கவில்லை. அப்பா இப்போது சட்டைப்பையில் பிளேடு வைத்திருக்கிறார், மஞ்சள் தெரிந்தால் தம்ளர் கேட்கிறார்.