மகளின் கிட்டப்பார்வை லென்ஸ்: எழுத்தில் தெரியும் நிழல் பழகிவிடுமா?

9 வயதாகும் என் மகளுக்குக் கடந்த ஆண்டு மைனஸ் 1.75 ஆக இருந்த பவர், இப்போது இரு கண்களிலும் மைனஸ் 3.00 ஆகிவிட்டது, கண்ணின் நீளமும் கூடியுள்ளது. 0.01% அட்ரோபின் சொட்டு மருந்தும் வெளி விளையாட்டும் பவர் ஏற்றத்தைக் கட்டுப்படுத்தாததால், நடுப்பகுதி தூரப்பார்வையைத் திருத்த, கண் மேலும் நீள்வதை மெதுவாக்கச் சுற்றுவளையங்கள் ஒளியின் ஒரு பகுதியை விழித்திரைக்கு முன்னால் குவிக்கும் தினசரி காண்டாக்ட் லென்ஸைத் தொடங்கினோம்.

போடுவதும் கழற்றுவதும் அவளுக்குக் கைவந்துவிட்டன (பயந்தது நான்தான்). சிவப்போ வலியோ இல்லை. ஆனால் வெளிச்சம் குறைந்தால் கரும்பலகை எழுத்தைச் சுற்றி நிழல் தெரிகிறது என்று வகுப்பிலேயே கழற்றிவிடுகிறாள். நாளுக்கு 10 மணி நேரமாவது அணிய வேண்டும் என்கிறார் மருத்துவர். பவரும் பொருத்தமும் மறுபரிசோதனையில் சரியாகவே இருந்தன. தூக்கத்தில் லென்ஸ் அணிந்தால் கருவிழித் தொற்று அபாயம் கூடுதல் என்பதால், இரவில் போட்டுத் தூங்கிக் காலையில் கழற்றும் லென்ஸுக்கு மாற எனக்கு மனமில்லை.

இவ்வகை லென்ஸ் அணியும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரே கேள்வி: இந்த நிழல் உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு காலத்தில் பழகியது?