ஹரிக்கேன்: இரட்டிப்பது ‘ஆர்’ எழுத்தா, ‘சி’ எழுத்தா? பொருளும் மூலமும் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வளர்மதி
வணக்கம். புயல்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். ஹரிக்கேன் வரும் இடமெல்லாம் அடியில் சிவப்புக் கோடு விழுகிறது. ஹெச், யூ, ஆர், ஐ, சி, சி, ஏ, என், இ என்று அடித்தேன். ஒரு ‘சி’யை எடுத்துப் பார்த்தும் கோடு போகவில்லை. பரிந்துரையில் வருவதைச் சொடுக்கினால் சரியாகிவிடும் என்று தெரியும். ஆனால் காரணம் புரிந்தால்தான் எனக்கு மனதில் நிற்கும்.

இன்னும் இரண்டு சந்தேகம். சைக்ளோன், டைஃபூன், ஹரிக்கேன் மூன்றும் ஒன்றுதானா? அடுத்து, ‘ஹரி அப்’ என்று அவசரப்படுத்துகிறோமே, அந்த ‘ஹரி’யிலிருந்துதான் இந்தச் சொல் பிறந்தது என்று படித்தேன். நம்பலாமா?

பிழைதிருத்தி
எழுத்துக்கூட்டலை முதலில் முடித்துவிடலாம். ஹெச், யூ, ஆர், ஆர், ஐ, சி, ஏ, என், இ. ‘ஆர்’ இரண்டு, ‘சி’ ஒன்று. நீங்கள் ‘சி’யைக் குறைத்தீர்கள், ‘ஆர்’ இன்னும் ஒன்றாகவே இருந்தது, அதனால்தான் கோடு போகவில்லை.

தமிழ்க் காதுக்கு இது வழக்கமாக வரும் வினைதான். நாம் ‘ஹரிக்கேன்’ என்று சொல்லும்போது ‘க்’ அழுத்தமாக விழுகிறது, ‘ரி’ சாதாரணமாகப் போய்விடுகிறது. கை காதைப் பின்பற்றி ‘சி’யை இரட்டிக்கிறது. ஆங்கிலத்தில் மெய்யெழுத்தை இரட்டித்து எழுதுவது பெரும்பாலும் அதற்கு முன்னால் உள்ள உயிர் குறில் என்று காட்டத்தான், அந்த மெய்யை அழுத்திச் சொல்வதற்காக அல்ல.

நினைவில் வைக்க உங்கள் ‘ஹரி அப்’பையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ‘ஹரி’யிலும் ‘ஆர்’ இரண்டு. கடைசி ‘ஒய்’க்குப் பதில் ‘ஐ’ போட்டு, பிரம்பைக் குறிக்கும் ‘கேன்’ சொல்லை ஒட்டினால் எழுத்துக்கூட்டல் கிடைத்துவிடும். இது நினைவுக்கு மட்டும். சொல் பிறந்த கதை வேறு, அதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

தென்றல்
எனக்கும் இதே சந்தேகம் உண்டு. தொடர்கிறேன்.

பழஞ்சொல்
வளர்மதி அக்கா, அவசரத்துக்கும் இதற்கும் உறவே இல்லை. இது ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லும் அல்ல, ஐரோப்பாவின் சொல்லும் அல்ல. கரீபியத் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களின் சொல். 1492இல் கொலம்பஸ் போய் இறங்கிய தீவுகளின் மக்கள் அவர்கள். அவர்கள் தந்ததை ஸ்பானியர்கள் ‘உராகான்’ ஆக்கிக்கொண்டார்கள். ஸ்பானிய எழுத்தில் முதலில் ‘ஹெச்’ உண்டு, இன்றைய உச்சரிப்பில் அது ஊமை.

அக்காலத்தில் இதையே ‘ஃபுராகான்’ என்றும் எழுதினார்கள். ‘ஹ’ எப்படி ‘ஃப’ ஆனது என்று கேட்டால், ஸ்பானிய மொழியே அப்போது அந்த மாற்றத்தின் நடுவில் இருந்தது. மாவைக் குறிக்கும் லத்தீன் ‘ஃபரீனா’தான் ஸ்பானியத்தில் ‘ஆரீனா’ ஆகி, எழுத்தில் மட்டும் ஒரு ‘ஹெச்’சோடு நிற்கிறது. ஒரே ஒலிக்கு ஒருவர் ‘எஃப்’ போட்டார், இன்னொருவர் ‘ஹெச்’ போட்டார். போர்த்துகீசியத்தில் இன்றும் ‘எஃப்’தான்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் முதலில் தலைகாட்டுவது 1555இல். ஸ்பானியர்களின் கடற்பயணங்களைப் பற்றி பீட்டர் மார்ட்டர் லத்தீனில் எழுதியதை ரிச்சர்ட் ஈடன் மொழிபெயர்த்தார், அதில் ‘ஃபுராகானெஸ்’ என்று வருகிறது. அதன்பின் ஆளாளுக்கு ஒரு வடிவம். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி 39 விதமான எழுத்துக்கூட்டல்களைப் பதிவு செய்திருக்கிறது! ஃபோர்கேன், ஹெரிகானோ, ஹாரிகேன் என்று போகும் பட்டியலில் ‘ஹர்ல்கேன்’ என்றும் ஒன்று உண்டு. ‘ஹர்ல்’ என்றால் வீசியெறிவது. புரியாத அந்நியச் சொல்லுக்குள் தெரிந்த சொல் ஒன்றைத் தேடிப் பிடிக்கும் பழக்கம் அன்றைக்கே இருந்திருக்கிறது, உங்கள் ‘ஹரி’ கதையும் அந்த வகையே. ஷேக்ஸ்பியர் ‘லியர் மன்னன்’ நாடகத்தில் ‘ஹரிகானோ’ என்கிறார், ஆனால் அவர் சொல்வது கடலிலிருந்து தூண்போல எழும் நீர்ச்சுழலை. இப்போதைய வடிவம் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் நிலைத்தது. ஆக, உங்கள் ஒற்றை ‘ஆர்’ அன்றைக்கு யார் கண்ணையும் உறுத்தியிருக்காது.

வளர்மதி
ரொம்ப நன்றி தம்பி! மாயா மக்களின் ஹுராகான் என்ற கடவுளின் பெயரிலிருந்து வந்தது என்றும் ஓர் இடத்தில் பார்த்தேனே?

பழஞ்சொல்
பொபோல் வூ என்ற கிச்சே மாயா நூலில் அப்படி ஒரு தெய்வம் உண்டு அக்கா. அந்தப் பெயருக்கு ‘ஒற்றைக் கால்’ என்று பொருள் சொல்வார்கள். ஆனால் தைனோச் சொல்லுக்கும் அதற்கும் உறவு உண்டா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. கட்டுரையில் ‘தைனோ, ஸ்பானியம் வழியாக’ என்று போட்டால் யாரும் குறை சொல்ல முடியாது.

காற்றுமானி
பொருளுக்கு வருகிறேன். மூன்றும் ஒரே வகைப் புயல்தான், வெப்பமண்டலக் கடலில் உருவாகிச் சுழல்வது. இடத்தைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. வட அட்லாண்டிக்கிலும், பசிபிக்கில் பன்னாட்டுத் தேதிக் கோட்டுக்குக் கிழக்கே உள்ள வடபகுதியிலும் ஹரிக்கேன். அந்தக் கோட்டுக்கு மேற்கே வட பசிபிக்கில் டைஃபூன். இந்தியப் பெருங்கடலிலும் தென் பசிபிக்கிலும் சைக்ளோன். 1994இல் ‘ஜான்’ என்ற புயல் கோட்டைத் தாண்டிப் போய் டைஃபூன் ஆனது, திரும்பி வந்து மறுபடியும் ஹரிக்கேன் ஆனது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஹரிக்கேன், டைஃபூன் என்று சொல்ல, தொடர்ந்து வீசும் காற்று மணிக்குச் சுமார் 119 கிலோமீட்டரைத் தொட வேண்டும், அதாவது மாலுமிகளின் வேக அலகில் 64 நாட். வங்கக்கடலில் 34 நாட் தொட்டாலே சைக்ளோன்தான், பெயரும் வைத்துவிடுவார்கள். எனவே சைக்ளோன் என்று இருக்கும் இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஹரிக்கேன் என்று மாற்றாதீர்கள். ‘ஹரிக்கேன் வேகக் காற்று’ என்ற தொடரும் வேறு. காற்றின் வலிமையைப் படிகளாகப் பிரிக்கும் போஃபர்ட் அளவுகோலில் 12ஆம் படி அது. குளிர்காலப் புயலிலும் வீசலாம், அதனால் அந்தப் புயல் ஹரிக்கேன் ஆகிவிடாது.

சைக்ளோன் மட்டும் தானாக வளர்ந்த சொல் அல்ல, உட்கார்ந்து ஆக்கியது. கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் 1848இல் மாலுமிகளுக்காக வெளியிட்ட நூலில் அதை முன்வைத்தார். வட்டம், பாம்பின் சுருள் என்றெல்லாம் பொருள்படும் கிரேக்கச் சொல்லே அடிப்படை. அதன் எழுத்துக்கூட்டலில் ‘சி’க்குப் பிறகு ‘ஒய்’ வருவதும் கிரேக்க வழி வந்ததால்தான்.

கண்ணாடிச்சிமிழ்
உச்சரிப்பை யாரும் சொல்லவில்லையே. அமெரிக்கர்கள் கடைசி அசையை நீட்டி ‘கேன்’ என்பார்கள். பிரிட்டிஷாரிடம் ‘கன்’ என்று குறுகி ஒலிப்பதும் உண்டு. காற்றில் அணையாதபடி கண்ணாடிக் கூண்டோடு வரும் விளக்கை ‘அரிக்கன் விளக்கு’ என்கிறோமே, அதில் ஒட்டியிருப்பது அந்தக் குறுகிய ஒலிதான் என்பது என் கணிப்பு.

வளர்மதி
கோடு போய்விட்டது, எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. முதல் எழுத்தைப் பெரிய எழுத்தில் போட வேண்டுமா?

பிழைதிருத்தி
கத்ரீனா போலப் புயலின் பெயரோடு சேர்ந்து, அதற்கு முன்னால் வந்தால் பெரிய ‘ஹெச்’. பொதுவாக ஒரு ஹரிக்கேன், பல ஹரிக்கேன்கள் என்று வரும்போது சின்ன ‘ஹெச்’. வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் எப்படியும் பெரியதுதான்.